முன்னுரையிலேயே சொல்லிவிட்டார் சுந்தரனார்

1891இல் மனோன்மணீயம் அச்சாகி வந்தபோது பெ. சுந்தரம் பிள்ளை நினைத்திருந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நாடகத்தின் கதைக்கரு அவருடையதல்ல. இங்கிலாந்தின் லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட ‘மிலேட்டஸின் தொலைந்த கதைகள்’ தொகுதியில் ‘இரகசிய வழி’ என்றொரு கதைப்பாடல் இருக்கிறது. அதிலிருந்து எடுத்தது. திருநெல்வேலியிலும் திருவனந்தபுரத்திலும் அன்றைக்கு லிட்டனைப் படித்துவிட்டு மனோன்மணீயத்தையும் கையில் எடுக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கண்டுபிடித்துக் கேட்க ஆளில்லை. இருந்தும் முன்னுரையில் மூலத்தைச் சொல்லிவிட்டார்.

சொன்னதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கனவில் ஒருவரை ஒருவர் கண்டு காதலிக்கும் இருவர், யாருக்கும் தெரியாத ஒரு வழி என்ற முடிச்சு மட்டும் லிட்டனிடமிருந்து வந்தது. மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டும் பாண்டியன் ஜீவகன், கூடவே இருந்து குழி பறிக்கும் அமைச்சன் குடிலன், சேர நாட்டுப் புருடோத்தமன், நாஞ்சில் நாட்டு வழக்கு எல்லாம் இந்த மண்ணில் விளைந்தவை. சுரங்கம் அமைக்கும் சுந்தர முனிவருக்கு ஆசிரியர் தம் குருவான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் பெயரை வைத்தார். கோடகநல்லூர் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஊர். கடன் லிட்டனோடு நிற்கவில்லை: நாடகத்துக்குள் வரும் ‘சிவகாமி சரிதம்’கூட கோல்ட்ஸ்மித்தின் ‘துறவி’ பாடலைத் தழுவியதுதான். இவ்வளவு வாங்கியவரைத் திருடர் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதே நூலின் வாழ்த்துப் பாடலைத்தான் 1970லிருந்து தமிழ்த்தாய் வாழ்த்தாக எழுந்து நின்று பாடுகிறோம்.

1990இல் நெல்லையில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அவர் பெயரையே வைத்தார்கள். அபிஷேகப்பட்டி வளாகத்தில் ஆய்வேடு கொடுத்துப் பட்டம் வாங்கும் ஒவ்வொருவரின் சான்றிதழிலும் மூலத்தை மறைக்காத ஒருவரின் பெயர் அச்சாகியிருக்கிறது. எழுத்துத் திருட்டைப் பற்றி நெல்லையில் பேச்செடுத்தால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். பேச்சு என்னவோ வேறு இடத்தில் நிற்கிறது. “பத்து பெர்சென்ட்டுக்குள்ள வந்துட்டா?” – ஆய்வு மாணவர்களின் கவலை இன்றைக்கு இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகளை அறிவித்தது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40ஐத் தாண்டி 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக்கூடக் கொடுக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாகப் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்ட வாசகம், எல்லோரும் பயன்படுத்தும் சமன்பாடு ஆகியவை கணக்கில் வராது. பொதுவாகத் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடரோ தொடர்ச்சியாக 14 சொல் வரை இருந்தாலும் குற்றமில்லை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இது என்று தோன்றுகிறது. தமிழில் 14 சொல் என்றால் வேற்றுமை உருபும் துணைவினையும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய வாக்கியம். அதில் ஒரு முழுக் கருத்தே அடங்கிவிடும்.

இந்த விதிமுறையில் பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளும் வெளியிடப்படும் கட்டுரைகளும் இதற்குள் வரும். ஒப்படைப்பு, பருவக் கட்டுரை, புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவை வராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் பழக்கம் தொடங்குவது அங்கேதான். பிளஸ் ஒன்னில் அண்ணன்மார் ரெக்கார்டு நோட்டை வாங்கி அப்படியே எழுதுகிறோம், படம் அழகாக இருந்தால் நல்ல மார்க். கல்லூரியில் அசைன்மென்ட்டை ஒருவர் எழுத, வகுப்பே பார்த்து எழுதுகிறது. கடைசி வருட புராஜெக்ட்டுக்குப் போன வருடத்துப் பிரதி கிடைத்துவிடும். முன்பக்கத்தை மட்டும் மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டால் முடிந்தது. ஏழெட்டு வருடம் இப்படிப் பழகிய கையிடம் 23 வயதில் ‘பத்துக்கு மேல் போகாதே’ என்றால் அது எதைக் கற்றுக்கொள்ளும்? பத்துக்குள் ஒளிந்துகொள்ளும் வித்தையைத்தான்.

அந்த வித்தை எப்படி இருக்கும் என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நெல்லை வட்டாரத்தில் வரலாறோ தமிழோ படிக்கிறவர்களுக்கு இப்போது பிடித்த தலைப்பு பொருநைக் கரை அகழாய்வு. மாதிரிக்கு ஒரு வாக்கியத்தை நாமே எழுதிக்கொள்வோம். மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியைப் பகுப்பாய்வு செய்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்தது; எனவே தாமிரபரணி நாகரிகம் 3,200 ஆண்டுப் பழமையுடையது எனலாம்.’ மாணவர் எழுதுகிறார்: ‘சிவகளையில் ஈமத்தாழி ஒன்றினுள் கிடைக்கப்பெற்ற நெல்லின் உமியை ஆய்வுக்கு உட்படுத்தியபோது அதன் வயது கி.மு. 1155 என அறியப்பட்டது. ஆகவே பொருநை நாகரிகம் 3,200 ஆண்டுகள் தொன்மை வாய்ந்தது எனக் கூறலாம்.’

சொல்லுக்குச் சொல் மாற்றியாயிற்று. ஒப்புமை பார்க்கும் இயந்திரம் விட்டுவிடலாம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. முதலில் பொருள், பிறகு காலம், ‘ஆகவே’, முடிவு. மாணவர் இதில் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நேராகக் காப்பியடித்தவர் ஐந்து நிமிடம் செலவழித்திருப்பார், இவர் அரை மணி நேரம் செலவழித்திருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

மூலத்தை இரண்டு தடவை படித்து, மூடிவைத்துவிட்டு, ‘இது எனக்கு என்ன சொன்னது?’ என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறவர் எழுத்து வேறு மாதிரி வரும். ‘சிவகளை நெல் உமியின் காலத்தை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கணித்தது, 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது ஒரு தாழிக்குள் இருந்த உமியின் வயது. ஆற்றங்கரை முழுவதற்கும் அதே வயதைக் கொடுக்கலாமா என்பது தனிக் கேள்வி.’ இப்போது கணிப்பு யாருடையது, அறிவித்தவர் யார், சந்தேகம் யாருடையது என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. அந்தச் சந்தேகம்தான் ஆய்வேட்டில் மாணவர் சேர்த்த பங்கு. மூடிவைத்துவிட்டு எழுதியதால்தான் அது வந்தது.

இதிலேயே இன்னொரு குழப்பமும் தீர்கிறது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது என்பதற்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை, அது ஊரறிந்த செய்தி. சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்றால் அடிக்குறிப்பு கட்டாயம். 2025 ஜனவரியில் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கையின் கூற்று அது. நாளைக்கு வேறு கணிப்பு வந்து மாறவும் கூடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து அந்த எண்ணை எழுதியவருக்கு இது தெரியாது.

வேண்டுமென்றே திருடுகிறவர்களை விட, எதை எங்கிருந்து எடுத்தோம் என்பதே மறந்துபோய் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வழக்கம் போய், கைப்பேசியில் பக்கத்தைப் படம் எடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. நாற்பது பக்கம் எடுப்பார்கள், நூலின் தலைப்புப் பக்கத்தை எடுக்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் படங்கள் எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு என்று அவர்களுக்கே தெரியாது. முதல் படம் தலைப்புப் பக்கம், இரண்டாவது பதிப்பு விவரம் உள்ள பக்கம், அப்புறம்தான் உள்ளே போவது என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை ஒழியும். நோட்டில் எழுதுகிறவர்கள் பக்க எண்ணை முதலில் எழுதிவிட்டுக் குறிப்பைத் தொடங்கலாம். இடப்பக்கத்தில் நூலின் சொற்கள், மேற்கோள்குறிக்குள். வலப்பக்கத்தில் தம் சொற்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால் ஆறு மாதத்தில் எல்லாமே தம்முடையதாகத் தெரியத் தொடங்கும். ஏமாற்று ஏதுமில்லை, மனித ஞாபகத்தின் லட்சணம் அது.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். 2011இல் ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ இதழில் விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ் இணை ஆசிரியராக இருந்த ஒரு கட்டுரையின் அறிமுகப் பகுதியில் வேறொரு கட்டுரையின் சில வாக்கியங்கள் அப்படியே இருந்தது தெரியவந்து, ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆய்வு முடிவுகளில் பிரச்சினை எழவில்லை. சிக்கியது அறிமுகத்தில். தமிழ்த் துறை ஆய்வேடுகளில் அதற்கு நேரான இடம் ‘இதுவரை வெளிவந்த ஆய்வுகள்’ என்ற பகுதி. அதை ஒரு சடங்காக நினைத்து, முந்தைய ஆய்வேட்டின் அதே பகுதியிலிருந்து தூக்கி வைப்பார்கள். முந்தையவர் செய்த எழுத்துப்பிழையும் கூடவே வந்து சேரும்.

இங்கே லிட்டனுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். ‘இரகசிய வழி’யின் கதை லிட்டனின் சொந்தக் கற்பனையும் அல்ல. கனவில் கண்டு காதலித்த ஒடாடிஸ், ஸரியாட்ரிஸ் இருவரின் கதையைக் கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் அதெனேயஸ் எழுதிவைத்திருக்கிறார். அவரும் சும்மா எழுதவில்லை. அலெக்சாந்தரின் அவையில் இருந்த சாரெஸ் தம் வரலாற்று நூலில் சொன்னது இது என்று பெயரோடு சொல்கிறார். சாரெஸின் நூல் இன்று இல்லை. அதெனேயஸ் போன்றவர்கள் பெயர் சொல்லி எடுத்தாண்ட துண்டுகளில்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. இப்போது நம் மாணவர் ஒருவர் இந்தக் கதையைப் பற்றி எழுத வந்தால், அடிக்குறிப்பில் சாரெஸ் என்று போடலாமா? கூடாது. அவர் படித்தது சாரெஸை அல்ல. ‘சாரெஸ் கூறியதாக அதெனேயஸ் தருவது’ என்று எழுதி, தாம் பார்த்த நூலின் பக்கத்தைத் தர வேண்டும். தொல்காப்பிய உரையைத் திறந்தே பார்க்காமல், வேறொருவர் ஆய்வேட்டில் கண்ட மேற்கோளை ‘இளம்பூரணர் உரை, பக்கம் இத்தனை’ என்று போடுவதும் இதே குற்றம்தான். எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது. இளம்பூரணரைப் படித்த தேர்வாளர் பிடிப்பார்.

மென்பொருளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2019லிருந்து ‘ஷோத்சுத்தி’ திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருளை மத்திய அரசே தருகிறது. முடிந்த ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. ஆங்கில ஆய்வேடுகளுக்கு இது ஓரளவு வேலை செய்யும். தமிழ் ஆய்வேட்டின் கதை வேறு. டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் கலவை. யூனிகோடில் உள்ள மூலத்தோடு அதை ஒப்பிடச் சொன்னால் இயந்திரம் இரண்டும் வேறு வேறு என்றுதான் சொல்லும். வருடிப் படமாக ஏற்றிய பழைய ஆய்வேட்டில் அதற்குப் படிக்க எழுத்தே கிடையாது. இந்த நிலையில் ‘ஒப்புமை 2 சதவீதம்’ என்று வரும் சான்றை வைத்து யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பு இதைவிடப் பெரிய ஓட்டை. ஆங்கிலக் கட்டுரையை இணைய மொழிபெயர்ப்பியில் போட்டு, வருவதைக் கொஞ்சம் சீர்செய்து தம் இயலாக வைப்பவர்கள் உண்டு. பிறர் எழுத்தையோ கருத்தையோ தம்முடையதாகக் காட்டுவதுதான் எழுத்துத் திருட்டு என்கிறது மானியக் குழுவின் விளக்கம். கருத்து என்றபின் மொழி மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன?

மொழிபெயர்ப்பா, தழுவலா என்ற சண்டையை 1930களிலேயே ஆவேசமாகப் போட்டவர் நம்மூர் இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன். பிறமொழிக் கதையை எடுத்து, பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டித் தம் கதையாக விடுவதை அவர் தாக்கினார். வேண்டுமானால் ஆசிரியர் பெயரோடு மொழிபெயர், தழுவாதே என்பது அவர் கட்சி. சொன்னபடி ஏராளமான உலகக் கதைகளை மொழிபெயர்க்கவும் செய்தார். ஆனால் அவர் மறைவுக்குப் பின் அவருடைய கதைகளிலேயே சில மாப்பஸானைத் தழுவியவை என்ற குற்றச்சாட்டு வந்தது. ‘சமாதி’, ‘நொண்டி’, ‘பயம்’ எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ‘தமிழ் படித்த பெண்டாட்டி’ மாப்பஸானிடமிருந்து வந்தது என்பதை அவரே ஒரு தொகுதியின் முன்னுரையில் சொல்லியிருந்தார். மற்றவற்றைப் பற்றிச் சொல்லவில்லை. அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான நெல்லை தொ.மு.சி. ரகுநாதன், தம் கடைசிக் காலத்தில், 1999இல், இந்தக் குற்றச்சாட்டுகளை எதிர்த்து ஒரு புத்தகமே எழுத வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பு, ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில், எப்போது, எந்தப் பெயரில் வந்தது என்று தேடித் தந்தது. ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’ கதைகளை எழுதியவரின் மேதைமை இதனால் அரை அங்குலம்கூடக் குறையவில்லை என்பது என் கட்சி. ஆனால் முன்னுரையில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அரை நூற்றாண்டு வம்பு மிச்சமாகியிருக்கும். சுந்தரனாரும் கடன்பட்டார், புதுமைப்பித்தனும் பட்டார். முன்னவரைப் பற்றி வழக்கே எழாததற்குக் காரணம் அந்த ஒரு வரி.

அச்சில் உள்ளதை எடுத்தால் இத்தனை கேள்வி வருகிறது. வாயிலிருந்து எடுத்தால்? பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை உட்பட, இந்த வட்டாரத்தில் களப்பணி செய்யும் மாணவர்கள் நிறையப் பேர். வில்லுப்பாட்டுக் கலைஞரிடமும், ஒப்பாரி சொல்லும் ஆச்சியிடமும் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். இதற்கு நல்ல முன்மாதிரி நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை. 1964இல் வெளிவந்த அவருடைய ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைப் புரட்டினால், பாடல்களின் அடியில் சின்ன எழுத்தில் விவரம் இருக்கும்: சேகரித்தவர் யார், பாடி உதவியவர் யார், எந்த ஊர். எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி போன்றவர்களின் பெயர்களை அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தொகுப்பாசிரியர் நா.வா.தான். ஆனால் பாட்டைத் தேடி வெயிலில் நடந்தவர் பெயரை அவர் விழுங்கவில்லை, பாடியவர் பெயரையும் விழுங்கவில்லை.

இன்றைய ஆய்வேடுகளில் கடைசியில் ‘தகவலாளர் பட்டியல்’ என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பெயர், வயது, ஊர், தொழில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கோளாறு உள்ளே. கொடைவிழாவில் இந்தச் சாமிக்கு மட்டும் ஏன் இந்தப் படையல் என்று கேட்டதற்கு, அந்த ஊர்ப் பெரியவர் ஒரு விளக்கம் சொல்லியிருப்பார். பத்து வருடம் புத்தகம் படித்தாலும் தோன்றாத விளக்கம் அது. ஆய்வேட்டில் அது ‘இதனால் அறியப்படுவது யாதெனில்’ என்று ஆய்வாளரின் சொந்தக் கண்டுபிடிப்பாக வந்து நிற்கும். தகவல் பெரியவருடையது, விளக்கம் நம்முடையது என்ற நினைப்பு. அச்சில் ஏறாத எழுத்துத் திருட்டு என்பதால் இதை யாரும் கணக்கெடுப்பதில்லை. ‘இந்த விளக்கம் ஊர்ப் பெரியவர் சொன்னது’ என்று அதே இடத்தில் எழுதினால் போதும், ஆய்வாளரின் மதிப்பு ஏறத்தான் செய்யும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். அது எழுதித் தருவதில் ஒப்புமை சதவீதம் குறைவாகத்தான் வரும், அதனாலேயே மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதனிடம் துணைநூற்பட்டியல் கேட்டுப் பாருங்கள். இருக்கிற ஆசிரியரின் பெயரில் இல்லாத நூலைப் போட்டு, பதிப்பகமும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். திருட்டிலாவது யாரோ ஒருவர் உண்மையில் எழுதிய நூல் இருக்கும். சொல் தேட, பிழை பார்க்க, ஆங்கிலக் கட்டுரையின் சாரம் புரிந்துகொள்ள அதைப் பயன்படுத்தினேன் என்று முன்னுரையில் எழுதிவிட்டுப் பயன்படுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

மாணவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. ஆய்வேட்டில் திருட்டு இல்லை என்று மாணவர் உறுதிமொழி தரும்போது வழிகாட்டியும் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். 2018 விதிமுறைப்படி ஆசிரியரே மாட்டினால் ஊதிய உயர்வை நிறுத்தலாம், சில ஆண்டுகளுக்கு வழிகாட்டும் உரிமையையும் பறிக்கலாம். அப்படியிருந்தும் பெரும்பாலான கையெழுத்து, முடிந்துபோன ஆய்வேட்டையும் சதவீதச் சான்றையும் பார்த்தபின் விழுகிறது. திருத்துவதற்கு நேரம் கடந்துபோன கட்டம் அது. இயல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே மாணவரின் குறிப்பு நோட்டை வாங்கி, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, ‘இதில் எது புத்தகம், எது நீ?’ என்று கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும். பதில் சொல்லத் திணறினால் அந்த வாரமே சரிசெய்யலாம். ஒரு மாணவருக்கு மாதம் அரை மணி நேரம் போதும். பேராசிரியர் ஒருவர் அதிகபட்சம் எட்டு பேருக்குத்தான் வழிகாட்டலாம் என்பது மானியக் குழுவின் வரம்பு. ஆக மாதத்துக்கு நாலு மணி நேரம்.